பிழிதல் எப்போது வேலையாகிறது? யூத ஓய்வுநாள் சட்டமும் ‘சனிக்கிழமை எண்ணெய்க்காரர்’ வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

யூதரின் ஓய்வுநாளாகிய சப்பாத்தில் பழம் பிழிவதும் நனைந்த துணியைப் பிழிவதும் விலக்கப்பட்டுள்ளன. குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள் வரை நீண்டுள்ள இவ்விலக்கின் தருக்கத்தை மிஷ்னா, தல்மூத், இடைக்காலச் சட்டத்தொகைகள் ஆகியவற்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது. சட்டநூல்களின் தொடர்பின்றிக் கொங்கணக் கரையில் செக்காட்டி வாழ்ந்த பெனே இஸ்ரயேலர் சனிக்கிழமையில் செக்கை நிறுத்திய வழக்கு, இவ்விலக்கின் மையம் எது, வேலி எது என்பதைக் காட்டும் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சப்பாத், பிழிதல், செக்கு, மிஷ்னா, பெனே இஸ்ரயேலர், ஈரத் துடைப்புத்தாள்.

முன்னுரை

சேலம் மாவட்டம் ஓமலூர் வட்டாரத்தில் கரும்பாலை இன்றும் கண்முன் இயங்கும் தொழிற்கூடமாகும். காமலாபுரம், தீவட்டிப்பட்டிப் பகுதி ஆலைகளில் உருளைகளுக்கிடையே கரும்பு நெரிபட, சாறு ஒருபுறமும் சக்கை மறுபுறமும் பிரிகின்றன. சாறு கொப்பரையில் காய்ந்து வெல்லமாகிச் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியைச் சேர்கிறது. கரும்பையும் எள்ளையும் ‘ஆட்டுதல்’ என்றும், எலுமிச்சையையும் தேங்காய்ப்பாலையும் துணியையும் ‘பிழிதல்’ என்றும், பசுவைக் ‘கறத்தல்’ என்றும், வியர்வையை ‘ஒற்றுதல்’ அல்லது ‘துடைத்தல்’ என்றும் நாம் வேறுபடுத்திச் சொல்கிறோம். சங்க இலக்கியத்தில் ‘பிழி’ என்னும் பெயர்ச்சொல்லே கள்ளைக் குறித்தது. கரும்பு எந்திரத்தின் ஓசையை யானையின் பிளிறலோடு இணைத்துக் காட்டுகிறது ஐங்குறுநூற்றின் 55ஆம் பாடல். சோழர் கல்வெட்டுகளில் ‘செக்கிறை’ என்னும் வரியும் ‘சங்கரப்பாடியார்’ என்னும் எண்ணெய் வணிகரும் இடம்பெறுகின்றனர். ஒரு பொருளின் உள்ளே இருக்கும் நீர்மத்தை வெளிக்கொணர்தல் என்பது தமிழருக்குச் சமையலறைச் செயலாக மட்டுமின்றித் தொழிலாகவும் வரிக்குரிய வருவாயாகவும் இருந்துள்ளது என்பதற்கு இவை போதும்.

இந்தப் பின்புலத்தோடு யூத ஓய்வுநாள் சட்டத்தை அணுகும் தமிழ் மாணவர் ஒரு பிழையான வாயிலில் நுழைந்துவிடும் வாய்ப்பு மிகுதி. ஈரத்துணி, தண்ணீர், குளியல், துடைத்தல் என்னும் சொற்களைக் கண்டவுடன் மடி, தீட்டு ஆகிய கருத்துகள் நம் மனத்தில் எழுகின்றன. யூத மரபிலும் தூய்மை, தீட்டு பற்றிய விரிவான சட்டங்கள் உள்ளன. எனினும் ஓய்வுநாளில் பிழியக்கூடாது என்னும் விதி அவற்றைச் சார்ந்ததன்று. அது வேலையைப் பற்றிய விதி. பிழிந்த சாறோ ஈரமோ எவரையும் தீட்டாக்குவதில்லை. பிழிந்தவர் ஓய்வுநாளில் ஒரு தொழிலைச் செய்தவராகிறார் என்பதே சட்டத்தின் கவலை.

நாற்பதில் ஒன்று குறைய

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதில் தொடங்கிச் சனிக்கிழமை விண்மீன்கள் தோன்றும்வரை ஓய்வுநாள் நீடிக்கிறது. அந்நாளில் வேலை செய்யலாகாது என்று தோரா கட்டளையிடுகிறது. ஆயினும் எவையெவை வேலை என்று அது பட்டியலிடவில்லை. பொ.ஆ. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவே அப்பட்டியலைத் தருகிறது. அதன் சப்பாத் பகுதியின் 7ஆம் அதிகாரம் ‘நாற்பதில் ஒன்று குறைய’ என்னும் கணக்கில் 39 தலைமை வேலைகளை எண்ணுகிறது. உழுதல், விதைத்தல், அறுத்தல், கதிரடித்தல், தூற்றல், அரைத்தல், வெளுத்தல், நெய்தல், எழுதுதல், தீமூட்டுதல் முதலியன அவற்றுள் அடங்கும். பாலைவனத்தில் இறைக்கூடாரம் அமைப்பதற்குத் தேவைப்பட்ட தொழில்களே இவை என்பது மரபு விளக்கம்.

பிழிதல் இப்பட்டியலில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு தலைமை வேலைக்கும் ‘பிள்ளைகள்’ உண்டு என்று சட்டம் கொள்கிறது. வடிவத்தில் வேறுபட்டாலும் செயலின் சாரத்தில் ஒத்தவை அப்பிள்ளைகள். எபிரேயத்தில் ‘செகிதா’ எனப்படும் பிழிதலுக்கு இரண்டு தாய்கள் உள்ளன. பழத்தைப் பிழிவது கதிரடித்தலின் பிள்ளை. துணியைப் பிழிவது வெளுத்தலின் பிள்ளை. தமிழில் போலவே எபிரேயத்திலும் இரண்டிற்கும் ஒரே வினைச்சொல் வழங்குகிறது. சொல் ஒன்றாக இருக்கும் இடத்தில் சட்டம் இரண்டாகப் பிரிகிறது. இதனைத் தவறவிட்டால் பின்வரும் விதிகள் முன்னுக்குப்பின் முரணாகத் தோன்றும்.

களத்துமேட்டிலிருந்து ஆலைக்கு

கதிரடிக்கும்போது நாம் வேண்டும் மணி, வேண்டாத உமியிலிருந்தும் தாளிலிருந்தும் விடுபடுகிறது. திராட்சையை மிதிக்கும்போது சாறு தோலிலிருந்தும், ஒலிவத்தை நெரிக்கும்போது எண்ணெய் சதையிலிருந்தும் விடுபடுகின்றன. ஒன்றினுள் அடைபட்டிருந்த பயன்பொருளை அதன் உறையிலிருந்து கழற்றி எடுப்பதே இரண்டிலும் சாரம். ஓமலூர் ஆலையில் சாறும் சக்கையும் பிரிவதைப் பார்த்தவருக்கு இந்த ஒப்புமையை நெடிது விளக்க வேண்டியதில்லை. பசுவைக் கறப்பதும் இவ்வகையிலேயே அடங்குகிறது. மடியினுள் இருக்கும் பால் வெளியே எடுக்கப்படுகிறது என்பதால் மைமோனிடீஸ் (1138–1204) தம் சட்டத்தொகையில் கறத்தலையும் இத்தலைப்பின்கீழ் வைக்கிறார்.

தோராவின் நேரடி விலக்கு ஒலிவம், திராட்சை ஆகிய இரண்டிற்கே உரியது என்று பாபிலோனியத் தல்மூத் (சப்பாத் 145அ) வரையறுக்கிறது. பெருமளவில் நீர்மத்திற்காகவே விளைவிக்கப்பட்ட கனிகள் இவை. எண்ணெய்யும் திராட்சை இரசமும் அக்காலப் பாலஸ்தீனத்தின் பொருளாதாரத் தூண்களாக இருந்தன. ஆகவே இவ்விலக்கின் மையத்தில் நிற்பது ஆலை. கைப்பிடிப் பழத்தைக் குவளையில் பிழியும் தனிமனிதர் அந்த ஆலையின் சிறு நிழல் என்றே சட்டத்தின் கண்ணுக்குப் படுகிறார்.

மாதுளையும் மல்பெரியும் அடுத்த வட்டம். மெனாஷ்யா பென் மெனாகெம் என்பவரின் வீட்டார் மாதுளையைப் பிழிந்து பயன்படுத்தினர் என்ற செய்தியைத் தல்மூத் (144ஆ) குறிப்பிடுகிறது. சிலராவது சாற்றுக்காகப் பிழியும் வழக்கமுடைய கனி என்பதால் ரப்பீக்கள் அதனையும் தடுத்தனர். ஏனைய கனிகள் சாற்றுக்காகப் பிழியப்படுவதில்லை என்பதால் அவை அனுமதிக்கப்பட்டன. இங்கே சட்டம் கனியின் இயல்பைப் பாராமல் ஊரின் பழக்கத்தைப் பார்க்கிறது. 16ஆம் நூற்றாண்டில் கிராக்கூவில் வாழ்ந்த மோசே இஸ்ஸெர்லஸ், தாகத்திற்காகவோ இன்பத்திற்காகவோ ஒரு கனியைப் பிழிந்து பருகும் வழக்கமுள்ள ஊரில் அக்கனி மாதுளையின் நிலையை அடையும் என்று எழுதினார். இவ்விதிப்படி நோக்கினால் சாத்துக்குடிச் சாறும் கரும்புச்சாறும் தெருமுனைதோறும் விற்கப்படும் தமிழகத்தில் இரண்டுமே விலக்கினுள் வரும்.

எலுமிச்சை தனிக் கதை. யோசேப்பு காரோ இயற்றி 1565இல் வெனிசில் அச்சேறிய ‘ஷுல்கான் அரூக்’ என்னும் சட்டத்தொகை எலுமிச்சை பிழிவதை அனுமதிக்கிறது. எலுமிச்சை உணவுக்குச் சுவையூட்டவே பிழியப்படுகிறது, பருகுவதற்கன்று என்பது முன்னோர் கூறிய காரணம். ஆனால் எகிப்தியர் எலுமிச்சைச் சாற்றைச் சர்க்கரை நீரில் கலந்து பருகுவதைக் காரோவே அறிந்திருந்தார். அப்படியானால் அனுமதி எவ்வாறு பொருந்தும் என்ற கேள்வியையும் அவரே எழுப்பினார். சாற்றைத் தனியாக எவரும் பருகுவதில்லை, கலந்தே பருகுகின்றனர் என்னும் அவர்தம் சமாதானம் எனக்கு முழு நிறைவளிக்கவில்லை. பிற்காலத்தவர் பலரும் தயங்கியுள்ளனர். முதலில் சர்க்கரையின்மேல் பிழிந்து, பின்னர் அச்சர்க்கரையை நீரில் இடுக என்பது அவர்கள் கண்ட வழி.

சர்க்கரையின்மேல் பிழிந்தால் மட்டும் என்ன வேறுபாடு? ஷமுவேல் என்னும் அறிஞரின் பெயரால் தல்மூத் (144ஆ) தரும் விதி இதற்கு விடை. திராட்சைக் கொத்தை உணவுள்ள பானைக்குள் பிழியலாம், வெறுங்கிண்ணத்தில் பிழியலாகாது. உணவில் போய்ச் சேரும் நீர்மம் உணவாகவே கருதப்படும். அது ஒருபோதும் ‘சாறு’ என்னும் தனி நிலையை எய்துவதில்லை. உணவிலிருந்து உணவு பிரிந்தால் அங்கே கதிரடித்தல் நிகழ்வதில்லை. நம் வழக்கில் சொன்னால், இலையில் இட்ட சோற்றின்மேல் எலுமிச்சையைப் பிழிவது ஒன்று. குவளையில் பிழிந்து வைப்பது வேறொன்று. விரல்களின் அசைவு இரண்டிலும் ஒன்றே. நீர்மம் எங்கே சென்று தங்குகிறது என்பதே செயலுக்குப் பெயரிடுகிறது.

துவாலையும் கடற்பஞ்சும்

துணி பிழிவதில் கேள்வி வேறு. அங்கே வெளியேறும் நீரை எவரும் விரும்புவதில்லை. துணி தூய்மையாவதே நோக்கம். துணியிலிருந்து நீர் வெளியேறும்வரை முறுக்குபவர் வெளுப்பவராவார், ஏனெனில் முறுக்குதல் சலவையின் ஒரு கூறு என்று மைமோனிடீஸ் (ஓய்வுநாள் சட்டங்கள் 9:11) கூறுகிறார். அதே இடத்தில் மயிரிலும் தோலிலும் பிழிதல் இல்லை என்கிறார். மயிர் நீரை உள்வாங்குவதில்லை, மேற்பரப்பில் தாங்கி நிற்கிறது என்பது இதன் அடிப்படை. எனினும் நனைந்த கூந்தலை முறுக்குவதை ரப்பீக்களின் வேலியாகத் தவிர்ப்பர்.

குளித்து எழுந்தவர் துவாலையோடு வீடு திரும்பினால் பழக்கத்தால் அதனைப் பிழிந்துவிடுவார் என்னும் அச்சம் மிஷ்னாவில் (22:5) அழகாகப் பதிவாகியுள்ளது. ஒருவர் பத்துத் துவாலைகளில் துவட்டினாலும் அவற்றைக் கையில் எடுத்து வரலாகாது. ஆனால் பத்துப் பேர் ஒரே துவாலையில் முகமும் கைகால்களும் துடைத்தால் எடுத்து வரலாம். பத்துத் துவாலையைவிடப் பத்துப் பேர் துடைத்த ஒரு துவாலை மிகுதியாக நனைந்திருக்கும் அல்லவா? பத்துப் பேர் சேர்ந்திருக்கையில் ஒருவர் மறந்தால் மற்றொருவர் நினைவூட்டுவார் என்பது உரையாசிரியர் தரும் விளக்கம். மனிதக் கையின் பழக்கத்தை இவ்வளவு நன்கறிந்த சட்டம் அரிது.

ஈரத்தாளின் நேரடி மூதாதை அதற்கு முந்தைய அதிகாரத்தில் (21:3) உள்ளது. கடற்பஞ்சுக்குத் தோலாலான கைப்பிடி இருந்தால் அதனால் துடைக்கலாம், இல்லையெனில் துடைக்கலாகாது. கைப்பிடி இல்லாத பஞ்சை விரல்கள் பற்றும்போதே நீர் வெளியேறிவிடும். துடைப்பவர் பிழிய எண்ணவில்லையே என்று கேட்கலாம். எண்ணாத செயலைப் பொதுவாகச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் விளைவு தவிர்க்கவே முடியாததாயின் எண்ணம் காப்பாற்றாது. கோழியின் தலையைத் துண்டித்துவிட்டு அதன் சாவை நான் நாடவில்லை என்று ஒருவர் சொல்ல இயலாது என்னும் உவமையால் தல்மூத் இதனை விளக்குகிறது. இதற்கு விலக்காக, தவிர்க்கமுடியாத அவ்விளைவால் செய்பவருக்குப் பயனே இல்லையெனில் அனுமதிக்கலாம் என்னும் ஒரு கருத்தும் உண்டு. ரோமைச் சேர்ந்த நாதான் தம் ‘அரூக்’ அகராதியில் இதனை முன்வைத்தார். பலர் இதனை ஏற்கவில்லை.

ஈரத் துடைப்புத்தாள்

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய, கடைகளில் ‘வெட் வைப்ஸ்’ என்று கேட்டு வாங்கப்படும் ஈரத் துடைப்புத்தாள் இந்த இரு கிளைகளும் சந்திக்கும் இடத்தில் வந்து நிற்கிறது. ஓய்வுநாளிலும் குழந்தையைத் துடைக்காமல் இருக்க முடியாது. எனவே வீடுகள்தோறும் வாரந்தோறும் எழும் கேள்வி இது.

சலவைக் கிளையின் அச்சம் இங்கே பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் தாளை எவரும் வெளுப்பதில்லை. கதிரடித்தல் கிளைதான் வலுப்பெறுகிறது. துணி பிழிவதில் வெளியேறும் நீர் வேண்டாதது. ஈரத்தாளிலோ வெளியேறும் நீரே வேண்டப்படுவது. அந்த ஈரம் தோலில் படுவதற்காகவே தாள் விற்கப்படுகிறது. அவ்வாறாயின் தாளை அழுத்துபவர் திராட்சையை அழுத்துபவரை ஒத்தவரா?

இதில் சட்ட அறிஞர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. தடைசெய்வோர், கைப்பிடியில்லாக் கடற்பஞ்சைப் போன்றே இத்தாளையும் காண்கின்றனர். பற்றினால் ஈரம் கசியும், கசிவது வேண்டப்படுவது, ஆகவே ‘பயனற்ற விளைவு’ என்னும் சலுகைக்கும் இடமில்லை என்பர். அனுமதிப்போர் பல வாயில்களில் வருகின்றனர். ஈரம் தாளின் மேற்பரப்பிலேயே போதிய அளவு இருக்கிறது, மெல்லத் துடைத்தால் உள்ளிருந்து எதுவும் பிழியப்படுவதில்லை என்பது ஒன்று. செயற்கை இழைகள் நீரைத் தமக்குள் ஈர்ப்பதில்லை, இழைகளுக்கு இடையில்தான் நீர் நிற்கிறது, எனவே மயிர் பற்றிய விதி பொருந்தும் என்பது மற்றொன்று. இரண்டாவது வாதம் எனக்குச் சுவையானதாகப் படுகிறது. கூந்தலைப் பற்றிய ஒரு பழைய கூற்று, நெய்யாத செயற்கைத் துணியின் இழையியலுக்கு இங்கே அளவுகோலாகிறது.

நடைமுறையில் முடிவைத் தீர்மானிப்பது தாளின் நனைவு. தொட்டவுடன் சொட்டும் தாளும், தொட்டால் குளிர்ச்சி மட்டும் தரும் தாளும் ஒரே சட்டநிலை உடையன அல்ல. அழுத்தித் தேய்க்காமல் ஒற்றியெடுத்தல் ஒரு வழி. தண்ணீரையோ எண்ணெய்யையோ நேரே தோலில் இட்டு உலர்ந்த தாளால் துடைத்தல் மற்றொரு வழி. பின்னதில் நீர்மம் எதனுள்ளும் அடைபட்டிருக்கவில்லை. அடைபடாத ஒன்றை விடுவிக்க முடியாதென்பதால் கேள்வியே எழுவதில்லை. துளைக்கோட்டில் இணைந்துள்ள தாள்களைக் கிழித்துப் பிரிப்பது வேறு தலைமை வேலைகளின்கீழ் வருவதால் இங்கே விரிக்கப்படவில்லை.

சனிக்கிழமை எண்ணெய்க்காரர்

இதுவரை கண்டவை நூல்வழிச் சட்டம். நூல் இல்லாத இடத்தில் இவ்விலக்கு என்னவாகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு வரலாற்று வழக்கு உண்டு.

மும்பைக்குத் தெற்கே, இன்றைய ராய்காட் மாவட்டக் கொங்கணக் கரையில் பெனே இஸ்ரயேலர் என்னும் யூதச் சமூகத்தார் ஊர்தோறும் பரவி வாழ்ந்தனர். மராத்தி அவர்களின் தாய்மொழியாயிற்று. நவ்காவ் அருகே கப்பல் உடைந்து கரையேறிய ஏழு இணையரின் வழித்தோன்றல்கள் தாம் என்பது அவர்களின் தொன்மரபு. பலருக்கும் எண்ணெய் ஆட்டுவதே தொழில். அவர்கள் சனிக்கிழமையில் செக்கை நிறுத்தியதால் அயலார் அவர்களை ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று அழைத்தனர். திங்கட்கிழமையில் செக்கை நிறுத்திய இந்து எண்ணெய்க்காரர் ‘சோம்வார் தேலி’ எனப்பட்டனர். சாதிப்பெயராக ஒலிக்கும் இச்சொல்லில் ஒரு யூதக் கட்டளை ஒளிந்திருந்தது.

அவர்களிடம் மிஷ்னாவோ தல்மூத்தோ இருக்கவில்லை. விருத்தசேதனம், உணவு விலக்குகள், ‘ஷெமா’ என்னும் மன்றாட்டு, ஓய்வுநாள் ஆகியனவே எஞ்சியிருந்தன. தாவீது ரஹாபி என்பவர் வந்து, துடுப்பும் செதிலும் உள்ள மீன்களை மட்டும் அவர்கள் உண்பதைச் சோதித்தறிந்து யூதர் என உறுதிசெய்தார் என்பது அவர்தம் வாய்மொழி மரபு. ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் எழுதி 1937இல் டெல் அவிவில் வெளியான அச்சமூக வரலாற்று நூல் இம்மரபுகளைத் தொகுத்துரைக்கிறது.

இவ்வழக்கைச் சட்டத்தோடு பொருத்திப் பார்க்கலாம். தோராவின் நேரடி விலக்கு எண்ணெய்யையும் திராட்சை இரசத்தையும் எடுக்கும் ஆலையைச் சுற்றியே வட்டமிட்டதை மேலே கண்டோம். செக்கில் எள் அரைபடவும் செய்வதால் அரைத்தல் என்னும் தலைமை வேலையும் உடன் சேர்கிறது. பாபிலோனிய யூதருக்கு எள்ளெண்ணெய் ஒன்றே கிடைத்தது என்பதை ஓய்வுநாள் விளக்கு பற்றிய விவாதத்தில் தல்மூத் (26அ) பதிவுசெய்துள்ளது. எனவே எள்ளும் இச்சட்ட உலகுக்குப் புதிதன்று. மாதுளை, எலுமிச்சை, துவாலை, கடற்பஞ்சு என விரிந்த வேலிகள் எவையும் எட்டாத கரையில், வேலி காக்கவேண்டிய மையம் மட்டும் நின்று நிலைத்தது. ஈரத்தாளின் நிலை இதற்கு நேர்மாறு. செக்கைக் கண்ணால் கண்டிராத நகரக் குடும்பங்களில் இன்று மையம் இல்லை; வேலி மட்டும் நாள்தோறும் பேணப்படுகிறது. வேலியைக் கொண்டே ஒருவரின் பற்றை அளப்போர், செக்கை நிறுத்திய ஒருவரின் வாரக்கூலி இழப்பையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இந்த இடைவெளி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இஸ்ரேல் நாட்டில் குடியேறிய பெனே இஸ்ரயேலரின் திருமணங்கள் ஐயத்துக்குள்ளாயின. மணவிலக்கு பற்றிய ரப்பீ சட்டங்களை அறியாமல் அவர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர் என்பதே காரணமாகக் கூறப்பட்டது. 1962இல் தலைமை ரப்பீ அலுவலகம் அவர்களின் மூதாதையரை விசாரிக்குமாறு பதிவாளர்களுக்கு நெறிமுறை வழங்கியது. எதிர்ப்புப் போராட்டங்களுக்கும் நாடாளுமன்ற விவாதத்துக்கும் பின்னர், 1964இல் அந்நெறிமுறையிலிருந்து அவர்களின் பெயர் நீக்கப்பட்டது.

பெயர்ப்புச் சொற்கள் குறித்து

இச்சட்டங்களைத் தமிழில் எழுதுவோர் ‘செகிதா’வுக்குப் ‘பிழிதல்’ என்பதையே கொள்ளலாம்; இரு மொழிகளிலும் சொல்லின் பரப்பு ஒத்துள்ளது. கதிரடித்தலின் பிள்ளையாகிய ‘மெஃபாரேக்’ என்பதற்குச் ‘சாறெடுத்தல்’ போதாது, ஏனெனில் கறத்தலும் அதனுள் அடங்குகிறது. ‘கழற்றியெடுத்தல்’ பொருந்தும். ஈரத்தாள் பற்றிய பகுதிகளில் ‘துடைத்தல்’, ‘ஒற்றுதல்’, ‘அழுத்தித் தேய்த்தல்’ ஆகியவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதலாகாது. தீர்ப்பு அச்சொல்லில்தான் இருக்கிறது. ‘சனிவார் தேலி’ என்பதற்கு ‘எண்ணெய் வியாபாரி’ என்று எழுதினால் பெயரின் உயிர்போய்விடும். அவர்கள் நிறுத்தியது விற்பனையை மட்டுமன்று, ஆட்டுதலை. தமிழில் அதற்குச் ‘செக்கார்’ என்னும் பழஞ்சொல் இருக்கிறது. சனிக்கிழமைச் செக்கார் என்றே எழுதலாம்.